தார் ரோட்டின் மேல் போட்ட பழி

ஜூன் 4, புதன்

அண்ணன் வீட்டு வெடி நொண்டுகிறான். ஏழு மாதக் குட்டி. போன மாதம் வரை பெயருக்கேற்ற மாதிரி இருந்தவன், இன்று நான் போனபோது எழுந்து வரவே யோசித்தான். "தார் ரோட்டுல ஓடியிருக்கான், சுட்டுருச்சு" என்றான் அண்ணன். நாய் கட்டிக் கிடப்பது வேப்பமரத்தடியில். அது எப்போது தார் ரோட்டுக்குப் போனது என்று கேட்டேன். "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி" என்றான். ஆமாம், இருக்கிறது.

அண்ணன் பெருமாள்சாமிக்கு, முயலை விரட்டிப் பிடிக்கிற கன்னி நாய்கள்தான் உலகம். அவனுடைய கடுவன் நாய் துரையைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் பத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் நாயை விற்பதில்லை, கொடுப்பதுதான். பெண் கொடுக்கப் பேசி முடித்த வீட்டுக்கு ஒரு பெட்டைக் குட்டியை முன்கூட்டியே அனுப்பிவிடுவோம். பெண் போய் இறங்கும்போது அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்று. அண்ணன் மகள் சிந்துவுக்கு எட்டயபுரத்தில் பேசி முடித்திருக்கிறது. வெடியோடு பிறந்த பெட்டை அங்கே போய் மாதங்கள் ஆகின்றன.

வெடியை ஆட்டோவில் தூக்கிப் போட்டு என் தையல் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடைக்குப் பின்னால்தான் என் வீடு. புண் ஆறும்வரைதான். எனக்கு நாய் வளர்க்கிற எண்ணமெல்லாம் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

ஒரு அம்மாள் பட்டு ரவிக்கை கொண்டுவந்தார். பட்டு எடுப்பதில்லை என்றேன். "ஏம்மா, நல்லாத்தானே தைக்கிறே?" என்றார். அது இந்தக் கடையின் சட்டம் என்றேன். சட்டத்துக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வெடி நாள் முழுக்கத் துணி மூட்டை மேல் கிடந்தான். அந்த மூட்டையில் இருப்பது நாளைக்குக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடை. எழுப்ப மனம் வரவில்லை. வேறு மூட்டை எடுத்துத் தைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

அவனை மல்லாத்திப் போட்டுப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் இல்லை, நாலு காலிலும். பாதத்தின் மெத்தை காய்ந்த தேங்காய் மட்டைபோல நார் நாராக எழும்பி, நடுவில் வெடித்திருக்கிறது. தார் சுட்டால் தோல் உரியும். இப்படித் தடிக்காது. தடித்துப்போன தோலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வெந்நீரில் ஊறவைத்து, புது பிளேடால் மேல் தோலைச் சீவினேன். எப்போதும் செய்கிறபடி பதமாகத்தான் சீவினேன். ஆனால் சீக்கிரமே ரத்தம் வந்துவிட்டது. வெடி கடிக்கவில்லை. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கையை நக்கினான்.

ஜூன் 7, சனி

கால்நடை மருத்துவமனை. டாக்டர் ஜெபசெல்வி சின்ன வயதுதான், ஆனால் பேச்சில் குழைவு கிடையாது. எனக்குப் பிடித்துவிட்டது.

"பிளேடு போடச் சொல்லி யாரு சொன்னா?"

அவர் என் கையைப் பார்த்தார். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வெடிப்புக்குள் சீழ் பிடித்திருக்கிறதாம். ஊசி, மாத்திரை, ஒரு களிம்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுக் களிம்பு போட வேண்டும். புண் ஆறிய பிறகு நகம் தேய்க்கிற அரத்தால் லேசாகத் தேய்க்கலாம், பிளேடைத் தொடவே கூடாது. வெளியில் போனால் காலுக்கு உறை. "கூடப் பிறந்த குட்டிங்க எப்படி இருக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். விசாரித்து வரச் சொன்னார்.

ஜூன் 9, திங்கள்

நக்காமல் இருக்க, களிம்பு காயும்வரை அவன் தலையை மடியில் பிடித்துக்கொண்டு பட்டன் கட்டினேன். பட்டன் எல்லாம் கோணல்.

ஜூன் 14, சனி

காலுறை படலம். ரெக்ஸினில் தைத்தேன், சிமெண்டுத் தரையில் வழுக்கி நாலு காலும் நாலு திசைக்குப் போயின. கதர்த் துணியில் தைத்தேன், கடித்துத் துப்பிவிட்டான். கடைசியில் பழைய ஜீன்ஸ் பேண்ட்டை வெட்டி, அடியில் சைக்கிள் டியூப் ஒட்டி, மேலே ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்தேன். போட்டுவிட்டதும் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தான். எதிர்க்கடை டீக்காரர், "என்ன செண்பகம், மாப்பிள்ளைக்கு ஷூ அளவெடுத்தாச்சா?" என்று கேட்டார். அளவெடுத்தாச்சு, உங்களுக்கும் வேண்டுமானால் காலை நீட்டுங்கள் என்றேன்.

ரேஷன் கடையில் மிஷின் இன்றும் என் விரலை ஏற்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார் கடைக்காரர். துடைத்தால் ரேகை விழும் என்றால் நான் துடைக்கமாட்டேனா? கண்ணைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். "இந்த வெயிலுக்கு எதுக்குக்கா சாக்ஸு?" என்று ஒருத்தி கேட்டாள். சாக்ஸ் போடுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

களிம்பு டியூப் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. வெடிக்கு மட்டும் போட்டிருந்தால் தீர்ந்திருக்காது.

ஜூன் 19, வியாழன்

வெடிப்பு மூடிவிட்டது. டாக்டர் அழுத்திப் பார்த்தபோது அவன் காலை இழுக்கவில்லை. சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"புண்ணுதான் ஆறியிருக்கு. இந்தத் தடிப்பு பிறவி. திரும்பத் திரும்ப வரும். கடைசி வரைக்கும் இப்படியே பாத்துக்கணும். இவனோட அப்பா அம்மா யாரு?"

அப்பா துரை. அம்மா செல்லி. செல்லி, துரைக்குப் பிறந்தவள். வெளியாள் ரத்தம் கலந்தால் ஓட்டம் கெட்டுவிடும் என்று அண்ணன் இரண்டு தலைமுறையாக வீட்டுக்குள்ளேயேதான் சேர்க்கிறான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இது அப்பாகிட்ட இருந்தும் வரணும், அம்மாகிட்ட இருந்தும் வரணும். ரெண்டும் பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். சொந்தத்துக்குள்ளயே சேத்தா ஒளிஞ்சிருக்கறது ரெண்டும் சந்திச்சுக்கும். கன்னி நாயையே குத்தம் சொல்லலம்மா, உங்க வீட்டு வரிசைய மட்டும் சொல்லுதேன். துரையையும் செல்லியையும் இனி சேக்காதீங்க. குட்டி வாங்கின வீடுகள்லயும் சொல்லிருங்க. நல்லா இருக்கற குட்டியும் உள்ள வச்சிருக்கலாம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் வெடி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தான். அந்தத் தார் ரோடு யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு டாக்டருக்கு என்ன தெரியும் என்றான். பிறகு கதவைச் சாத்தினான்.

"குட்டி வாங்கின வீட்டுல போய்ப் பரம்பரைக் கோளாறுன்னு சொல்லச் சொல்லுதியா? எட்டயபுரத்துலயும் சொல்லணுமா?"

"அங்கதான் மொதல்ல சொல்லணும்."

"ஏட்டி, புத்தி இருக்கா உனக்கு? நாய்க்குப் பரம்பரைன்னு வாயத் தொறந்தா அடுத்த கேள்வி எங்க வந்து நிக்கும்னு உனக்குத் தெரியாது? உன்னைத் திரும்பிப் பாக்க மாட்டாங்களா? எம்மக கல்யாணம் நின்னா நீ பொறுப்பேத்துக்குவியா?"

மதினி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடித்த பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

வெடியை ஊசி போட்டு முடித்துவிடலாம், அதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்றான் அண்ணன். யாராவது கேட்டால் பாம்பு தீண்டிச் செத்தது என்று சொல்லிக்கொள்ளலாமாம். தாரை விட்டுப் பாம்புக்கு வந்துவிட்டான். இந்த வீட்டில் என் கைக்குக் கிடைத்தது சுண்ணாம்பு.

"என் கடைப்படி ஏறி அவன்மேல கை வையி பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். துணி வெட்டுகிற பெரிய கத்தரி மேஜைமேல்தான் இருக்கும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஜூன் 21, சனி

பாம்பு தீண்டிச் செத்தவன் இன்று காலை நாலு இட்லி தின்றான்.

ஜூன் 28, சனி

சிந்து வந்தாள். வந்ததும் வெடியைக் கொஞ்சிவிட்டு, ஷூவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

செல்லி பருவத்துக்கு வரப்போகிறதாம். அண்ணன் திரும்பவும் துரையோடுதான் சேர்க்கப் போகிறானாம். "டாக்டர் சொன்னதெல்லாம் பொய்னு காட்டுதேன் பாரு" என்று மதினியிடம் சவால் விட்டிருக்கிறான். இன்னும் ஒரு ஈற்றுக் குட்டிகள் இந்தக் காலோடு பிறந்து நொண்டும். அண்ணனின் கௌரவத்துக்காக.

எட்டயபுரத்துப் பெட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கேட்டால் அனுப்பவே மாட்டேன் என்கிறார்களாம். தோட்டத்தில் விட்டிருக்கிறோம், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்களாம்.

பிறகு என் சாக்ஸைப் பார்த்து, "அத்தே, உங்க கையி சுண்ணாம்புல வெந்ததுன்னு அப்பா சொல்லுவாரு. அப்போ காலு?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கத்தரியை எடுத்துத் துணியில்லாத இடத்தில் வெட்டினேன். அவள் நகரவில்லை. பெண்ணைப் பிடிவாதக்காரியாக வளர்த்துவிட்டார்கள். யாரைப் பார்த்து வளர்ந்தாளோ.

சொன்னேன். எனக்கு இருபத்து மூன்று வயதில் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போய்ப் பூ வைக்க வந்த அன்று அந்த வீட்டுப் பெண் ஒருத்தி என் கையில் வளையல் போட்டாள். போடும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் தடித்து, மஞ்சளாக, பட்டில் பட்டால் நூலை இழுக்கிற மாதிரி கோடு கோடாக வெடித்து. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றார் என் அப்பா. அப்பாவுக்கும் அதே கை. மடியில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். வளையலைக் கழற்றாமலேயே எழுந்து போனார்கள். அந்த வளையல் இன்னும் எங்கேயோ கிடக்கிறது.

சிந்து அழவில்லை. "ஆறாம் தேதி அவுக தேதி குறிக்க வாராங்க. அப்பா உங்கள வரவேண்டாம்னு சொல்லுவாரு. நீங்க வாங்க. வெடியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"உன் கல்யாணம் நின்னா?"

"சொல்லாம நடந்தா நான் அங்க போயி எத்தன வருசத்துக்குப் பொய் சொல்லணும்?"

ஜூலை 2, புதன்

லைனிங் துணி எடுக்க என்று சொல்லித் திருநெல்வேலி போனேன். துணி எடுக்கவில்லை. தோல் டாக்டரிடம் போனேன்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விளக்கு வெளிச்சத்தில் என் கையை ஒருவரிடம் நீட்டினேன். அவர் வீட்டில் யார் யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். தாத்தா, அவர் தங்கை, அப்பா, நான். அண்ணனுக்குக் கிடையாது. சிந்துவுக்குக் கிடையாது.

உங்கள் வீட்டில் வருகிற வகை, இருக்கிறவர்கள்தான் கொடுக்கிற வகை, இல்லாதவர்களிடம் ஒளிந்திருக்காது என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வரை அதை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வாட்டசாட்டமாக, ஒரு குறை சொல்ல முடியாமல் நிற்கிற துரைதான் ஊர் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். நான் ஒருத்தருக்கும் எதையும் கொடுக்கவில்லை. ஒளித்து வைத்தது என்னவோ என்னைத்தான்.

ஜூலை 5, சனி

அண்ணன் போன். "நாளைக்கு உனக்குக் கடையில வேலை இருக்கும்லா?" என்றான். இல்லை, ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

வந்ததும் புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

நான் போனபோது கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சங்கரம்மாள், அப்பா, தாய்மாமன். நான் வெடியோடு உள்ளே போனதும் அண்ணன் முகம் சுருங்கியது. உடனே சிரித்தான். "என் தங்கச்சி. நாய்க்கு ஷூ போட்டு அழகு பாக்கா. ஒண்ணுமில்ல, தார் ரோட்டுல ஓடி..."

சங்கரம்மாள் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன காலும்மா?" என்றார்.

"நாலும்."

"வெயிலு அப்படி" என்றான் அண்ணன்.

"வெயிலும் இல்ல, தாரும் இல்ல" என்றேன். "பிறவி. அப்பன் ரத்தமும் ஆத்தா ரத்தமும் ஒண்ணாச் சேந்து வந்தது. தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம இருக்கோம். உங்க வீட்டுக்கு வந்த குட்டிக்கும் இருக்கலாம். பாத்துக்கோங்க."

அண்ணன் எழுந்துவிட்டான். அதற்குள் சங்கரம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இருக்கலாம் என்னம்மா, இருக்கு. ரெண்டு மாசமாப் படுக்கைதான். மஞ்சளப் போட்டேன், வேப்பெண்ணெயப் போட்டேன், ஒண்ணும் கேக்கல. பொண்ணு வாறதுக்கு முன்ன வந்த உசுரு, அதப் பேணத் தெரியாம முடமாக்கிட்டாளேன்னு நீங்க நெனப்பீங்களேன்னு வெளிய சொல்லல. எங்க வீட்டுக்காரரு அக்கா வேற, சகுனம் சரியில்ல, இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு பிடிச்ச பிடியா நிக்காக."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தான். எதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தானோ, அதைச் சொல்லாததால்தான் நிற்க இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் தாய்மாமன் சும்மா இருக்கவில்லை.

"நாய்க்கு வருது, சரி. மனுசங்களுக்கும் இப்படி வருமோ?" என்றார். அவர் கண் என் சாக்ஸ் மேல் இருந்தது.

சிந்து சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். நான் சாக்ஸைக் கழற்றினேன். இரண்டு கையையும் நீட்டினேன்.

"வரும். எனக்கு இருக்கு. எங்கப்பாவுக்கு இருந்தது. சுண்ணாம்பு பட்டதில்ல, பிறவி. அண்ணனுக்கு இல்ல, சிந்துவுக்கு இல்ல. இல்லாதவங்க கொடுக்கறதில்லன்னு டாக்டர் சொல்லுதாரு. நம்பிக்கை இல்லன்னா பேரு தாரேன், நீங்களே போய்க் கேளுங்க. அப்படியே ஒரு பிள்ளைக்கு வந்தாத்தான் என்ன? நான் தைக்கலையா, நடக்கலையா, சம்பாதிச்சுச் சாப்பிடலையா?"

சங்கரம்மாள் எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். இருபத்து மூன்று வயதில் அந்தப் பெண் திருப்பியது நினைவுக்கு வந்தது. இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று விரித்துக் காட்டினேன்.

வெடிப்பின் மேல் விரலை வைத்து, "வலிக்குமாம்மா?" என்றார்.

எங்கள் வீட்டில் இதை மறைக்க எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். அப்பா துண்டு போட்டார், அம்மா என் கையில் வளையலை நிறைய அடுக்கினாள், அண்ணன் சுண்ணாம்புக் கதையைத் தன் மகளுக்கே சொல்லிக்கொடுத்தான். வலிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை.

"வலிக்கும்" என்றேன். "குளிர்காலத்துல ரொம்ப."

அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அழுகையை நிறுத்த முயலவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்வதாக இல்லை.

ஜூலை 7, திங்கள்

போன் இல்லை. நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்துத் தைத்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

சங்கரம்மாள் பேசினார். அவரும் மாப்பிள்ளைப் பையனும் திருநெல்வேலி டாக்டரைப் பார்த்துவிட்டே வந்துவிட்டார்களாம். ஆவணியில் வைத்துக்கொள்ளலாமாம். வீட்டுக்காரரின் அக்காவுக்கு இன்னும் முறைப்புதானாம். "அவுக கெடக்காக" என்றார். பெட்டையை ஜெபசெல்வி டாக்டரிடம் கூட்டி வரச் சொன்னேன். பிளேடு மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

சிந்து சொன்னாள்: அண்ணனே செல்லியைத் தனி அறையில் போட்டுப் பூட்டிவிட்டானாம். துரை வெளியே நின்று ஊளையிடுகிறதாம். ஊளையிடட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கடை வாசலில் அண்ணனின் பைக் நின்றது. உள்ளே வரவில்லை. வெடி ஓடிப் போய் அவன் முழங்காலில் கால் வைத்து நின்றான். அண்ணன் கீழே குனிந்து ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்தான். இதுவரை அவன் அதைத் திருப்பிப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"குட்டி கொடுத்த வீட்டுக்கெல்லாம் போகணும்னியே. ஏறு" என்றான்.

கழுகுமலையில் ஒரு வாத்தியார் வீடு. அவர்கள் வீட்டுக் குட்டி வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு பாய்ந்தது. நாலு காலும் மழமழவென்று இருந்தன. அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. "இதுக்குத்தான் ஒண்ணுமில்லயே, காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புவோம்" என்று என் காதில் சொன்னான். நான் காப்பியைத் தொடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியார், "நல்ல ரத்தம், அண்ணாச்சி! அடுத்த வருசம் இதையும் உங்க துரையோட சேத்து ஒரு ஈத்து எடுத்திரணும்" என்றார்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். கோவில்பட்டியில் நாய் ரத்தத்தைப் பற்றி அவன் பேசினால் கேட்க ஊரே கூடும். இன்று வார்த்தை கிடைக்காமல் திணறினான்.

"சேக்காதீங்க, சார்" என்றான். "கொறை எங்க வீட்டுது. தெரிஞ்ச பெறகும் வெக்கப்பட்டு மறைச்சேன். மறைச்சதுதான் தப்பு."

இதைச் சொல்லும்போது அவன் வாத்தியாரைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

பைக்கில் ஏறியதும், "போதுமா?" என்றான்.

"போதாது" என்றேன். "இன்னும் ரெண்டு வீடு இருக்கு. வண்டிய எடு."